அடோபோ ஏழு பானை, சோறு ஒரு பருக்கை இல்லை

ஞாயிற்றுக்கிழமை காடியில் கறி வேகவைத்து ஒரு பானை அடோபோ செய்து, அதையே அடுத்த சனிக்கிழமை வரை சூடு காட்டிச் சாப்பிடுகிற மனிதனை என்னவென்று சொல்வது? நிறைவு கண்டவன் என்றா, வெறும் சோம்பேறி என்றா? லெமெரி ஊர்ச் சந்தைக்கு எதிரே, ஜீப்னி என்கிற நீள பெஞ்சு வண்டிகள் ஆள் ஏற்றக் காத்து நிற்கும் வரிசையில் இந்தக் கேள்வி பல வருடங்களாகத் தீராமல் கிடந்தது. ஓட்டுநர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். வழக்குக்கு உரியவரும் ஓட்டுநர்தான்: கிரிசாந்தோ மராசிகன், ஊர் வாயில் சாந்தோங். அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதே அடோபோவைச் சாப்பிட்டபடி இரு தரப்பையும் கேட்பார். இரு தரப்புக்கும் தலையாட்டுவார்.

அவரை ஞானி என்று சொல்லிவிட ஆசை வரும். அவசரப்பட வேண்டாம். ஞானிகள் பின்னால் வருகிற வண்டிக்கு வழி விடுவார்கள். சாந்தோங் தம் அறுபது வயதுக்குள் ஒருவருக்கும் வழி விட்டதாகத் தகவல் இல்லை. மனைவி இறந்து வெகு காலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை, வீட்டில் காத்திருக்க ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவருக்குச் சாலையில் என்ன அவசரம் என்பதும் விளங்காத விஷயம்தான்.

அடுப்படியில் மட்டும் அவர் வேறு ஆள். கொழுப்பும் கறியும் அடுக்கடுக்காக இருக்கும் பன்றித் துண்டைத் தாமே பார்த்து வாங்குவார். பூண்டைத் தோலோடு நசுக்குவார். மிளகு முழுசாக, பிரிஞ்சி இலை இரண்டு, சோயா சாஸ், கடைசியில் கள்ளுக் காடி. காடி விழுந்த பிறகு பானையைத் தொடக் கூடாது. மூடக் கூடாது, கிளறக் கூடாது. கொதி வருவதற்குள் கரண்டியை விட்டால் காடியின் பச்சை வாடை கறிக்குள் குடியேறிவிடும், பிறகு எந்தப் புனிதர் வந்தாலும் கிளப்ப முடியாது. அதனால் சாந்தோங் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பானைக்கு முன்னால் நிற்பார். வாழ்க்கையில் அவர் பொறுமையாக நின்ற இடம் அது ஒன்றுதான்.

"திங்கக்கிழமை அடோபோ சின்னப் பையன்டா," என்பார் வரிசையில். "துள்ளும், புளிக்கும். புதன்கிழமைதான் கொஞ்சம் புத்தி வரும். வெள்ளிக்கிழமை பாரு, மீசை முளைச்சிருக்கும்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை அது என் தாத்தா. மரியாதையாச் சாப்பிடணும்."

இந்தப் பேச்சை ஒருநாள் லாக்ரிங் கேட்டுவிட்டாள். அவள் மீன் வியாபாரி. விடியற்காலை முதல் வண்டியில் மீன் சட்டிகளோடு ஏறுகிறவள். கணவன் கடலில் போனவன் திரும்பவில்லை. அதன் பிறகு கணவனின் அக்கா பஷாங்கோடு ஒரே வீட்டில் இருந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குரல் சந்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும்.

"யோவ் டிரைவரே, உங்க தாத்தாவை ஏன் இப்படிக் கருக்கி வச்சிருக்கீங்க?" என்று டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அடோபோன்னா மஞ்சளா இருக்கணும். இது தார் ரோடு மாதிரியில்ல இருக்கு."

"எங்கம்மா இந்த ஊர்க்காரி இல்லை. அவ கை இது."

"அதான் பாவம். நாளைக்கு நான் கொண்டாரேன். மஞ்சள் போட்டது. சோயா கீயா கிடையாது. தின்னு பார்த்துட்டு உங்க தாத்தாவைப் பொதைச்சிடுங்க."

மறுநாள் கொண்டுவந்தாள். சாந்தோங் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தார்.

"எப்படி?"

"மோசமில்லை."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று தால் ஊருக்குப் போகும் வழியில் ஒரு கரும்பு வண்டிக்கு வழி விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கறுப்புக்கும் மஞ்சளுக்கும் தினமும் டப்பா மாறியது. மழைக்காலம் ஒன்று போயிற்று, வெயில் வந்தது. ஒரு விடியற்காலை, வண்டி நிறைய ஆள் இருக்கும்போது, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் சாந்தோங் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"லாக்ரிங், டப்பாவை இப்படி மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு அலையறதுக்கு, அடுப்பு ஒரே வீட்டுல இருந்தா சௌகரியமில்லையா?"

கடைசியில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

லாக்ரிங் சட்டியில் இருந்த ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். "என்னைக் கேட்டா? அக்காவைக் கேளுங்க."

"நீ என்ன சொல்ற?"

"அக்காவைக் கேளுங்கன்னுதான் சொல்றேன். அவங்க சரின்னா சரி. இல்லைன்னா நாளையிலேருந்து நான் அடுத்த வண்டியில வரேன்."

"ஏத்துக்கிட்டா! ஏத்துக்கிட்டா!" என்று பின்னால் ஒருத்தி கைதட்டினாள்.

"யாருடி ஏத்துக்கிட்டது? வாயை மூடு," என்றாள் லாக்ரிங். காது மடல் சிவந்திருந்தது.

விதவை மறுமணம் செய்ய யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் லாக்ரிங்குக்குத் தாய் தகப்பன் இல்லை. புருஷன் போன பிறகு அவளைத் தாங்கிப் பிடித்தது பஷாங். அந்தப் பஷாங் லேசுப்பட்டவர் இல்லை. முன்பு ஒருமுறை, இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர் லாக்ரிங்கைக் கேட்டு வந்தார். பஷாங் பராக்கோ என்ற கடுங்காப்பி கொடுத்தார். வந்தவர் கசக்கிறது என்று பாதியில் வைத்தார். "மீதியைக் குடிக்காதவனுக்கு மீதி வாழ்க்கையைக் குடுக்க முடியாது" என்று சொல்லிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போன பஷாங், வந்தவர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

ஆகவே முறைப்படி பெண் கேட்கப் போவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டோடு பெண் வீட்டுப் படியேறிப் போய், பேசி, சேர்ந்து உண்டு, நாள் குறித்துவிட்டு இறங்க வேண்டும். சாந்தோங்குக்கு இருந்த நெருங்கிய சொந்தம் தங்கை கோரிங்கும் அவள் கணவன் திபோவும். திபோ பேசத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். உண்மையில் நிறுத்தத் தெரியாதவர்.

மே மாத வெயில். அந்த வெயிலில்தான் தவறு முளைத்தது.

சாந்தோங் யோசித்தார்: வெயிலில் கெடாதது அடோபோ. வைத்தார். கோரிங் யோசித்தாள்: அண்ணன் பதற்றத்தில் கருக்கிவிடுவான், மானம் போகும், எதற்கும் ஈரல் போட்டு ஒரு பானை நாம் வைப்போம். ஜீப்னி வரிசை நண்பர்கள் யோசித்தார்கள்: நம் ஆளுக்கு நம் பங்கு ஏதாவது வேண்டாமா? ஒரு பானை கோழி அடோபோ வந்து சேர்ந்தது.

பெண் வீட்டில் வேறு கணக்கு. சாப்பாடு கொண்டுவருவது மாப்பிள்ளை வீட்டார் முறைதான், ஆனால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் சிரிக்கும். லாக்ரிங் மஞ்சள் அடோபோ வைத்தாள். பஷாங், காடியும் உப்பும் பூண்டும் மட்டும் போட்டு, கறி தன் கொழுப்பிலேயே முறுகும் வெள்ளை அடோபோ வைத்தார். கடலில் போன தம்பி விரும்பிச் சாப்பிட்டது அது. இடது பக்கத்து வீட்டில் பிக்கோலிலிருந்து வந்த மருமகள் தேங்காய்ப்பால் ஊற்றி ஒன்று கொடுத்தனுப்பினாள். வலது பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு ஒன்று.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஜீப்னியைக் கழுவிப் பூ சுற்றியிருந்தார்கள். சாந்தோங் மடிப்புக் கலையாத பரோங் என்ற விழாச் சட்டையில், சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியாதபடி விறைத்து வந்தார். பஷாங் காப்பி கொடுத்தார். சாந்தோங் ஒரே மூச்சில் குடித்து, அடியில் இருந்த தூளையும் விழுங்கிவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"கோப்பையை மட்டும் விட்டுட்டீங்க," என்றார் பஷாங். முகத்தில் சிரிப்பு இல்லை.

மேசையில் பானைகளை வைத்தார்கள். முதல் மூடியைத் திறந்தாள் கோரிங். அடோபோ. எல்லோரும் ஆகா என்றார்கள். இரண்டாவது மூடி. அடோபோ. மீண்டும் ஆகா, கொஞ்சம் மெல்ல. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது மூடியைத் திறக்கும்போது திபோ "அலா ஏ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். ஏழாவது மூடியைத் திறக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. பிக்கோல் மருமகள்தான் வெட்கத்தோடு திறந்தாள்.

"பரவாயில்லை, பரவாயில்லை," என்றார் திபோ. "அன்பு ஒண்ணுதான், நிறம்தான் வேற. சரி, சோத்தைக் கொண்டாங்க."

கோரிங் பஷாங்கைப் பார்த்தாள். பஷாங் கோரிங்கைப் பார்த்தார்.

"சோறு நீங்கதானே கொண்டாரணும்," என்றார் பஷாங். "மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு."

"சாப்பாடு நாங்க. சோறு எப்படிங்க தூக்கிக்கிட்டு வர்றது? சூடா வீட்டுல இருக்கும்னு நெனச்சோம்."

"சோறில்லாதது எப்படிச் சாப்பாடு ஆகும்?"

"சோறில்லாதது எப்படி வீடாகும்?" என்றாள் கோரிங். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூடத்தில் இருந்த இருபது பேருக்கு மேல் ஏழு பானைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இது சிறிய விஷயமில்லை. மழை இல்லாத ஊர் இருக்கலாம், பாதிரியார் இல்லாத கோவில் இருக்கலாம். அடோபோ இருந்து சோறு இல்லாத மேசையை அந்த வட்டாரத்தில் பிறந்த ஒருவரும் பார்த்ததில்லை. இரும்புக் கடைக்காரர் பாதிக் காப்பிக்கே படியிறங்கிப் போனார். முழுச் சோற்றையும் மறந்தவன் கதி என்ன? நாளை விடியற்காலை முன் சீட்டு காலியாக இருப்பதை இப்போதே அவர் பார்த்துவிட்டார்.

நண்பர்களில் ஒருவன் பையிலிருந்து ரொட்டி எடுத்து ஈரல் பானையில் தோய்த்தான்.

"எடுடா கையை!" என்று இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று இரு தரப்பும் முதன்முதலில் ஒத்துப்போன விஷயம் அது.

வீட்டில் அரிசி இருந்தது. ரைஸ் குக்கர் நாலு பேருக்குக் கணக்கானது. பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, திருவிழாவுக்கு எடுக்கும் பெரிய பானையை ஏற்றினார்கள். அரிசியைக் களைந்து தண்ணீர் விட்டதும் அடுத்த சண்டை. தண்ணீரின் அளவு விரல் கணுதான். அரிசியின் மேல் விரல் நுனியை வைத்தால் முதல் கணு வரை தண்ணீர் நிற்க வேண்டும். யார் விரல்?

திபோ தம் விரலை விட்டார். "போதும்."

"உங்க விரல் வாழைப்பழம். இன்னும் ஊத்துங்க," என்றாள் கோரிங்.

"உன் விரல் மொளகா. நீ பேசாதே."

பிக்கோல் மருமகள் விட்டாள். வலது பக்கத்து வீட்டுக்காரர் விட்டார். தண்ணீர் ஊற்றினார்கள், மொண்டு எடுத்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். பஷாங் விசிறி மட்டையை ஓங்கினார்.

"எல்லாரும் வெளியே போங்க. கூடத்துல போய் உக்காருங்க. என் வீட்டு அரிசிக்கு என் விரல்." பிறகு திரும்பினார். "பெண் கேட்டு வந்தவன் நீதானே? நீ இரு. விறகு தள்ளு."

பரோங் சட்டையோடு சாந்தோங் அடுப்பு முன் குந்தினார். கூடத்தில் திபோ, தாம் மனப்பாடம் செய்து வந்த பேச்சைச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. லாக்ரிங் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடுவே, எதையோ தேடுகிறவள் போல மூன்றாம் முறையாக நடந்தாள்.

"உனக்கு இங்கே என்ன வேலை?" என்றார் பஷாங்.

"உப்பு எடுக்கக்கா."

"சோத்துக்கு எவ உப்பு போடுவா? போ."

அவள் போனாள். பஷாங் விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு, அடுப்பைப் பார்த்தபடி கேட்டார்:

"எதுக்கு இவளைக் கேக்குறே? நெசத்தைச் சொல்லு. உன் மச்சான் உருப்போட்டு வச்சிருக்குற பேச்செல்லாம் எனக்கு வேணாம்."

சாந்தோங்குக்கும் உருப்போட்ட பேச்சு ஒன்று இருந்தது. புகையில் அது மறந்துவிட்டது.

"எனக்குச் சோறு மிஞ்சுதுக்கா."

"என்ன?"

"அடோபோ மிஞ்சினா கவலையில்லை. நாளைக்கு இன்னும் நல்லா இருக்கும். சோறு அப்படி இல்லையே. ஒரு ஆளுக்குன்னு சோறு வைக்க எனக்கு வரலை. ஒரு பிடி போட்டா அடி பிடிக்குது. ரெண்டு பிடி போட்டா மிஞ்சுது. எத்தனையோ வருஷமாப் பார்த்துட்டேன், வரலை."

"மிஞ்சினதைக் காலையில பூண்டு போட்டு வறுத்துத் தின்ன வேண்டியதுதானே? நாடே அதைத்தான் தின்னுது."

"அதைத்தான் தின்னேன். தின்னு தின்னு, நான் பக்கத்துல போய் நின்னாலே பூண்டு வாடை அடிக்குதுன்னு பசங்க சொல்றானுங்க. எதிர்ல ஒரு ஆள் இருந்தா, 'இன்னும் கொஞ்சம் போட்டுக்க'ன்னு சொல்லித் தீர்த்திடலாம்ல?"

பஷாங் விசிறுவதை நிறுத்தினார்.

"அவ ரெண்டு தட்டு திம்பா. தெரியுமா?"

"தெரியும்க்கா. டப்பாவைப் பார்த்திருக்கேன்."

"மூணாவதுக்குப் பானையைச் சுரண்டுவா. ஊரே எழுந்திரிச்சிடும் அந்தச் சத்தத்துல."

"சுரண்டட்டும்க்கா."

"கடல்ல போனவன், என் தம்பி, அவனும் இப்படித்தான் சொன்னான். 'சுரண்டட்டும்க்கா'ன்னு." பஷாங் மூடியைத் தூக்கிப் பார்த்தார், மூடினார். பிறகு ஏதோ அவருக்குள் வழுக்கி விழுந்தது போல, சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. "ஏழு பானைடா! ஏழு பானை அடோபோ! ஒருத்தனுக்குக் கூடத் தோணலை பாரு!" சாந்தோங் முதலில் பயந்தார். பிறகு அவருக்கும் தொற்றியது. பஷாங் விசிறி மட்டையால் அவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். பரோங் சட்டையில் கரிக்கோடுகள் விழுந்தன.

பஷாங் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கூடத்தில் கோரிங் வெளிறிப்போனாள். "ஐயோ, அண்ணன் அந்தம்மா மேல கஞ்சியைக் கொட்டிட்டான்!" என்று எழுந்தாள். எல்லோரும் பின்கட்டுக்கு ஓட, பானையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பஷாங்கும் சாந்தோங்கும் எதிரே வந்தார்கள். வாசலில் இடித்துக்கொண்டு ஒரு நிமிடம் யாருக்கும் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை.

திபோ தருணத்தை விடவில்லை. தொண்டையைச் செருமினார். "மதிப்புக்குரிய பெரியவர்களே! இந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு மலர் மலர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு..."

"மலரைக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றார் பஷாங். "மொதல்ல உக்காந்து சோத்தைத் தின்னுங்க. ஆறிடும்."

அவ்வளவுதான் சம்மதம். பேச்சின் மீதியைத் திபோ சாப்பாட்டுக்கு நடுவே, கேட்க ஆள் கிடைத்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிச் சொல்லி முடித்தார். ஏழு அடோபோவும் ஏழு கட்சியானது. மஞ்சள்தான் என்றார்கள், ஈரல்தான் என்றார்கள், தேங்காய்ப்பால் ஊற்றியதை அடோபோ என்று சொல்லலாமா என்று ஒரு சண்டை மாலை வரை நடந்தது. சாந்தோங்கின் கறுப்பு அடோபோவைப் பற்றிப் பஷாங் "மோசமில்லை" என்றார். லாக்ரிங் மூன்றாம் தட்டுக்குப் பானையைச் சுரண்டினாள். நெல் அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

இடைப்பட்ட மாதங்களில் சாந்தோங் தம் வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தார். இரட்டை அடுப்பு ஒன்று வாங்கினார். லாக்ரிங் வந்து பார்த்து, கண்ணாடி மாட்டும் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னாள். அவள் சொன்ன இடத்தில் அவர் ஆணி அடித்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வருவதுதானே முறை. எல்லாம் அதன்படியே தயாராயிற்று.

கல்யாணத்தன்று கோவிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, திபோவைப் பேச விடாததால். விருந்து முடிந்து புதுத் தம்பதி வீடு திரும்பும் நேரத்தில், கோரிங் முன்னதாகவே ஓடிப்போய்ப் பச்சை வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒட்டும் அரிசியில் செய்த இனிப்புத் தட்டு. தம்பதி ஒட்டியே இருக்க வேண்டும் என்று முதல் வாயாக ஊட்டுவது அது. பக்கத்தில் திபோ, தொண்டையைச் செருமித் தயாராக.

ஜீப்னி வந்தது. சாந்தோங்தான் ஓட்டினார், அன்றைக்கும் வேறு யாரையும் தொட விடவில்லை. முன் சீட்டில் லாக்ரிங். பின்னால் நீள பெஞ்சில் பஷாங் தனியாக, காலைக் கடித்த செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சை வீட்டில் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, பிறகு யாராவது கொண்டுவிட்டால் தம் வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்குச் சோறு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

வண்டி வீட்டு முன் மெதுவானது. கோரிங் தட்டைத் தூக்கினாள். சாந்தோங் ஹாரனை இரண்டு முறை அடித்தார், தங்கையைப் பார்த்துக் கையாட்டினார், வேகத்தைக் கூட்டினார்.

"டேய் மச்சான்! வீடு! வீடு இங்கே!" என்று திபோ பின்னால் ஓடினார். தட்டோடு கோரிங்கும் ஓடினாள்.

"பிரேக் போயிடுச்சா?" என்று பின்னாலிருந்து பஷாங் கத்தினார்.

"இல்லக்கா."

லாக்ரிங் அவர் முகத்தைப் பார்த்தாள்.

வண்டி பஷாங்கின் வீட்டு முன் போய் நின்றது. சாந்தோங் இறங்கினார். ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தார். காலையில் கோவிலுக்குக் கிளம்பும்போதே கட்டி வைத்தது. பச்சை வீட்டை அடுத்த மாதம் கோரிங்கின் மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்தார். இரட்டை அடுப்பு, கண்ணாடி, எல்லாவற்றோடும். ஏன் என்று வரிசையில் கேட்டார்கள், திபோ கேட்டார், பாதிரியார் கூடக் கேட்டார். அவர் தலையாட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. லாக்ரிங்கிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

அன்று மாலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறியவர், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா," என்றார், "சட்டையெல்லாம் எங்கே மாட்டறது?"